மகனின் பெடல்

மிதிவண்டியின் மிதிகட்டையைப் பற்றி ஒரு கட்டுரையா என வாசகர் வியக்கக்கூடும். முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் பணியில் ஒன்பது ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கும் நமக்கு, அண்மைக்காலமாக மனத்தைவிட்டு அகலாத பொருள் அதுவாகவே இருக்கின்றது. ஆதலால் எழுதுகிறோம். மிதிகட்டை என்பது நூல் வழக்கு. கடைத்தெருவில் பெடல் என்றால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நாமும் அவ்வாறே சொல்லிச் செல்வோம்.

நம் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் மிதிவண்டி நம்முடையதன்று; நம் மகனுடையது. பொறியியல் படிப்பை முடித்து, நம் தூத்துக்குடியிலேயே ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்த நாள்களில், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினான். கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார். மெலிந்த டயர். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை. இவையனைத்தும் பந்தய வண்டியின் இலக்கணம் என்று ஒருவாறு ஏற்றுக்கொண்டோம். பெடலைத்தான் ஏற்க முடியவில்லை. உடைந்துபோன பெடலின் எஞ்சிய பகுதியைப்போல, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய எஃகுத் துண்டு ஒன்று இருபுறமும் துருத்திக்கொண்டு நின்றது. “கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?” என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே, அதற்கென வாங்கியிருந்த காலணியைத் திருப்பிக் காட்டினான். அடியில் பாதத்தின் முன்பகுதி படும் இடத்தில் சிறிய உலோகத் தகடு ஒன்று திருகாணி கொண்டு பூட்டப்பட்டிருந்தது. அதற்குக் கிளீட் என்று பெயராம். பெடலின் இரு முகங்களிலும் வில்விசை வைத்த கொக்கிகள். தகட்டின் முனையை முன்கொக்கியில் செருகிப் பாதத்தை அழுத்தினால், பின்கொக்கி ‘டக்’ என்று கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் விட்டுவிடும்.

இந்தப் பெடலுக்குக் ‘கிளிப்லெஸ்’ என்று பெயர். அதாவது கிளிப் இல்லாதது. காலை இவ்வளவு இறுகக் கவ்வுகிற ஒன்றுக்கு இப்படியொரு பெயரா என்று நாம் நகைத்ததுண்டு. காரணம் பின்னர்தான் விளங்கிற்று. பழைய பந்தய வீரர்கள் கால்விரல்களைச் செருகிக்கொள்ள, பெடலின் முன்னே ஒரு கம்பிக் கூட்டையும் அதைச் சுற்றி ஒரு தோல்வாரையும் பூட்டியிருந்தார்கள். கம்பிக் கூடுதான் கிளிப். காலை எடுக்க வேண்டுமானால் குனிந்து கையால் வாரைத் தளர்த்தியாக வேண்டும். பனிச்சறுக்கு வீரரின் காலணியைச் சறுக்குப்பலகையோடு பிணைக்கும் கொக்கிகளைச் செய்துவந்த பிரான்சு நாட்டு லூக் நிறுவனம், அதே உத்தியை 1984-இல் மிதிவண்டிக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு பெர்னார் ஈனோ அத்தகைய பெடலோடு பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் வாகை சூடவே, கம்பிக் கூடும் தோல்வாரும் மெல்ல மெல்ல மறைந்தன. 1990-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் சிறிய தகடு கொண்ட வேறொரு வகையைக் கொணர்ந்தது. தகடு காலணியின் அடியில் ஒரு பள்ளத்தில் அமிழ்ந்திருப்பதால் இறங்கி நடக்கவும் முடியும். ஓரளவுதான் முடியும். கல்தரையில் நடந்தால் உலோகம் படுகின்ற ஓசை எழும். நம் மகனுடையது அந்த வகை. அந்த ஓசையே இக்கட்டுரைக்குக் காரணம்.

2017-ஆம் ஆண்டு தவக்காலத்து ஞாயிறு ஒன்று. விடியுமுன் எழுந்து திருச்செந்தூர்ச் சாலையில் முக்காணிப் பாலம்வரை ஓட்டிச் சென்ற மகன், வீட்டுக்கு வராமல் நேரே காலைத் திருப்பலிக்கு வந்துவிட்டான். நற்செய்தி வாசகம் முடிந்து மக்கள் அமர்ந்துகொண்டிருந்த வேளை. நம் பங்கில் காலணிகளை வாசலில் விட்டுவிட்டு வருவதே வழக்கம். அவனுடைய காலணியின் பூட்டுகளைக் கழற்றச் சிறிது நேரம் பிடிக்கும். பிந்திவிட்டோமே என்ற பதற்றத்தில் அப்படியே நுழைந்துவிட்டான் போலும். மொசைக் தரையில் ‘டக், டக்’ என்ற ஓசை. உடலோடு ஒட்டிய வியர்வையில் நனைந்த உடை. மறையுரையைத் தொடங்கவிருந்த பங்குத்தந்தை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவே. அவர் முகத்தில் கோபம் ஏதும் இருந்ததாக நினைவில்லை.

கோபம் நமக்குத்தான். நாம் பங்குப் பேரவை உறுப்பினர், நற்கருணைப் பணியாளர். முன்வரிசையிலிருந்து எழுந்து பின்னே சென்றோம். “இது கோவிலா, பந்தயத் திடலா? குதிரை லாடம் மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறாயே, வெளியே போ” என்றோம். மெல்லச் சொன்னதாகத்தான் எண்ணினோம். பின்னிருக்கைகளில் பலர் தலை திரும்பியதைக் கண்டபோதுதான் மெல்லச் சொல்லவில்லை என்று தெரிந்தது. “கழற்றிவிட்டு வருகிறேன் அப்பா” என்றான். “வர வேண்டாம்” என்றோம்.

இருபத்தாறு வயது ஆண்மகனை ஊரார் முன்னிலையில் அவ்வாறு சொல்லியிருக்கக் கூடாது. அன்று இரவே தெரிந்தது. அதைச் சொல்வதற்குரிய வாய்ப்பு மறுநாள் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. நாம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவன் எழவில்லை. குருத்து ஞாயிற்றுக்கும் வரவில்லை. அவன் தாய் கெஞ்சியதன் பேரில் பாஸ்கா இரவன்று வந்து, வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பினான். காலணியும் ஒரு வார்த்தையும் மட்டுமே ஒருவனைக் கோவிலிலிருந்து விலக்கிவிடுமா என்று வாசகர் கேட்கலாம். நாமும் நம்மைத் தேற்றிக்கொள்ள அந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அவனுக்குள் அதற்கு முன்பே ஐயங்கள் இருந்திருக்கலாம். அவற்றோடு அவன் பின்வாசல்வரை வந்துகொண்டிருந்தான். அந்த வாசலில் நாம் நின்றோம்.

2018-இல் ஜெர்மனியில் வேலை கிடைத்துச் சென்றான். வண்டியை ஒரு பழைய போர்வையால் மூடி, தாழ்வாரச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனான். நம்மிடம் பேசுவான், மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பான், பணம் அனுப்புவான். கோவில் பற்றிய பேச்சு வரும்போது மட்டும், “அம்மாவிடம் கொடுங்கள்” என்பான்.

நம்முடைய பழைய வண்டியை உப்புக்காற்று தின்று தீர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டபின், 2022-இல் மருத்துவர் நம் சர்க்கரை அளவைப் பார்த்து, நடக்க வேண்டும் அல்லது மிதிவண்டி ஓட்ட வேண்டும் என்றார். முழங்கால் வலியால் நெடுந்தூரம் நடக்க இயலாது. அப்போதுதான் போர்வையை விலக்கினோம். சங்கிலிக்கு எண்ணெய், டயருக்குக் காற்று, ஒரு மணி, பின்விளக்கு. இருக்கையைத் தாழ்த்திக்கொண்டோம். பெடல் மட்டும் அப்படியே இருந்தது. அவனுடைய சிறப்புக் காலணி நமக்கு இரண்டு அளவு பெரிது. ஆகவே வழக்கமான தோல் செருப்போடு அந்த எஃகுத் துண்டின்மீது காலை வைத்து மிதித்தோம்.

அது எத்தகைய மடமை என்று மிதித்துப் பார்த்தவர்களுக்கே தெரியும். பாதத்தின் முழுப்பாரமும் இரண்டு விரல் அகலத்துக்குள் இறங்கும். சிறிது தூரத்தில் உள்ளங்கால் மரத்துவிடும். செருப்பின் அடி தேய்ந்திருந்தால் வழுக்கும். காலணியைக் கவ்வுவதற்கென்று செய்யப்பட்ட கொக்கி, கவ்வ ஒன்றும் கிடைக்காதபோது காலைத் தாங்குவதுமில்லை.

அவ்வாண்டு நவம்பர் முதல் வெள்ளி. இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கழுத்தில் நற்கருணைச் சிமிழைத் தொங்கவிட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டோம். ஏழு வீடுகள், மூன்றாவது வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வேகத்தடை. வலக்கால் வழுக்கிற்று, பெடல் சுழன்று வந்து முழந்தாளின் கீழ் எலும்பில் அடித்தது, வண்டியோடு சாய்ந்தோம். ஒரு கை தரையை ஊன்றியது. மற்றொரு கை, நாம் எண்ணாமலே, நெஞ்சின்மேல் சிமிழைப் பற்றியிருந்தது. சிமிழுக்கு ஒன்றும் நேரவில்லை. பால் கொண்டுவந்த ஒரு பிள்ளை ஓடிவந்து தூக்கினான். இரத்தம் வழிந்த காலோடு அடுத்த வீட்டுக்குச் சென்றபோது, எட்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் அந்த மூதாட்டி, “ஐயா, முதலில் காலைக் கழுவுங்க, ஆண்டவர் காத்திருப்பார்” என்றார்கள். அவர்களுடைய பேத்தி தண்ணீர் ஊற்ற, நாம் கழுவிக்கொண்டோம்.

மறுநாள் பழுதுபார்ப்பவரிடம் வண்டியைத் தள்ளிச் சென்றோம். அவர் பெடலைச் சுழற்றிப் பார்த்து, “இதைக் கழற்றிவிட்டுச் சாதாப் பெடல் போட்டுவிடலாம், ஐந்து நிமிட வேலை” என்றார். முற்றிலும் சரியான யோசனை. இப்போதும் இந்நிலையில் இருக்கும் எவருக்கும் அதையே முதலில் சொல்வோம். பெடலைக் கிராங்கில் பிணைக்கும் மறை எல்லா வண்டிகளிலும் பெரும்பாலும் ஒரே அளவுதான். இடப்புறத்து மறை மட்டும் எதிர்த்திசையில் திரும்பும் என்பதை நினைவில் வைத்தால் போதும். அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்தும் விட்டார். நாம், “வேண்டாம், அப்படியே இருக்கட்டும்” என்றோம். ஏன் என்பதுபோலப் பார்த்தார். மகன் வந்தால் ஓட்டுவான் என்றோம். நான்கு ஆண்டுகளாக அவன் ஊருக்கு வரவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

நாம் விழுந்த செய்தி தாய் வழியாக மகனுக்குப் போயிற்று. மூன்று வாரம் கழித்து ஒரு சிறு பொட்டலம் வந்தது. உள்ளே உள்ளங்கையளவு நீளமுள்ள இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் பலகைகள். மேற்புறத்தில் வழுக்காதிருக்க முட்கள். முன்னும் பின்னும் ஒளியைத் திருப்பிக் காட்டும் மஞ்சள் வில்லைகள். திருப்பிப் பார்த்தால், காலணியின் அடியில் இருப்பதைப் போன்ற அதே உலோகத் தகடு. அதாவது, காலணியில் இருக்க வேண்டிய தகட்டைப் பலகையில் பூட்டியிருக்கிறார்கள். பலகை பெடலைக் கவ்வும்; நம் கால் பலகையை மிதிக்கும். பெடலையும் மாற்ற வேண்டாம், செருப்பையும் மாற்ற வேண்டாம். அடாப்டர் என்று இதற்குப் பெயர். கூடவே ஒரு தாளில் மகனின் கையெழுத்தில் ஒரு வரி: “ஒரு பக்கத்தில் மட்டும் மாட்டுங்கள் அப்பா. மறுபக்கம் அப்படியே இருக்கட்டும்.”

தாழ்வாரத்தில் அமர்ந்து மாட்டினோம். முனையை முன்கொக்கியில் செருகி, இரு கட்டைவிரல்களாலும் பின்பகுதியை அழுத்தினோம். ‘டக்’ என்றது. ஐந்து ஆண்டுகளுக்குமுன் கோவில் தரையில் கேட்ட ஓசையே அது. சற்று நேரம் வண்டியருகே அப்படியே அமர்ந்திருந்தோம். இல்லாள் சமையற்கட்டிலிருந்து, “சரியாகப் பொருந்திற்றா?” என்று கேட்டாள். பொருந்திற்று என்றோம்.

இத்தகைய அடாப்டர் வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். இது முழுமையான பெடல் ஆகாது. பலகை மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். எழுந்து நின்று ஓங்கி மிதிப்பதற்கு உரியதன்று. கொக்கியின் வில்விசை தளர்வாக இருந்தால், பாதத்தைச் சற்றுத் திருப்பினாலும் பலகை கழன்றுவிடும். திருப்பினால் விடுவது அந்தக் கொக்கியின் இயல்பு. திருப்பியது தன் எசமானின் காலணியா, வேறொருவரின் பலகையா என்று அது அறியாது. உப்பளச் சாலையில் ஒருநாள் அவ்வாறு நம் இடப்பலகை கழன்று விழுந்து, பின்னால் வந்த லாரிக்காரர் ஒலியெழுப்பி நம்மை நிறுத்தினார். பிறகு மூன்று மில்லிமீட்டர் ஆலன் கீயால் விசையை இறுக்கினோம். பெடலின் ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனித் திருகாணி உண்டு; நம் பக்கத்தை இறுக்கினால் அவன் பக்கம் இறுகுவதில்லை. மழையில் பிளாஸ்டிக் வழுக்குவதால் உப்புத்தாள் துண்டுகளை ஒட்டினோம். பலகையின் கனத்தால் பாதம் சற்று உயர்ந்து முழங்கால் மிகுதியாக மடங்கவே, இருக்கையையும் சற்று உயர்த்தி, சீட் கம்பியில் நம் அளவுக்குக் கறுப்பு டேப் சுற்றினோம். அதற்குக் கீழே, அவன் எப்போதோ கீறி வைத்த பழைய அடையாளம் இருக்கிறது.

இன்னொன்று. பலகையின் எடை கீழே இழுப்பதால், வண்டி நிற்கும்போது பலகை மாட்டிய முகம் எப்போதும் கீழ்நோக்கியே தொங்கும்; வெறும் கொக்கி முகம் மேலே நிற்கும். ஏறும் ஒவ்வொரு முறையும் மகனின் பக்கம் மேலே இருக்கும். கால்விரலால் அதைப் புரட்டி நம் பக்கத்தைக் கொண்டுவந்துதான் மிதிக்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது கால் பழகிவிட்டது.

2023 கோடையில் விடுமுறைக்கு இத்தாலி சென்றிருந்த மகன் சில படங்களை அனுப்பினான். கோமோ ஏரியின் மேலே, மக்ரெல்யோ என்னும் ஊரில் உள்ள கிசால்லோ அன்னையின் சிற்றாலயம் அது. 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இந்த அன்னையை மிதிவண்டி ஓட்டுநர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். கடல்மட்டத்திலிருந்து 754 மீட்டர் உயரத்தில் இருக்கும் அவ்விடத்துக்கு, ஏரிக்கரையில் உள்ள பெல்லாஜியோவிலிருந்து மலைப்பாதையில் மிதித்து ஏறியிருக்கிறான். உள்ளே சுவரெங்கும் மிதிவண்டிகள். நம் ஊர்க் கோவில்களில் வெள்ளியில் கண்ணும் காலும் செய்து காணிக்கையாக வைப்பதுபோல, அங்கே வீரர்கள் தாங்கள் வென்ற வண்டிகளையே வைத்திருக்கிறார்கள். ஆழ்ந்த இறைப்பற்றுள்ளவரும், நாசிப் படையினர் இத்தாலியில் இருந்த காலத்தில் யூதர்களைக் காப்பாற்றியவர் என்று 2013-இல் யாத் வஷேம் நிறுவனத்தால் சிறப்பிக்கப்பட்டவருமான ஜீனோ பார்த்தாலியின் வண்டி அங்கே இருக்கின்றது. வெற்றி பெற்றவர்களின் வண்டிகளுக்கிடையே, முன்பகுதி நொறுங்கிய வண்டி ஒன்றும் தொங்குகிறது. 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1995 சூலை 18 அன்று பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில் மலைச்சரிவில் விழுந்து இருபத்து நான்கு வயதில் இறந்த ஃபாபியோ கசார்தெல்லியின் வண்டி அது. அவர் அந்தக் கோமோ வட்டாரத்துப் பிள்ளை.

படங்களின் கீழே மகன் எழுதியிருந்தான்: “அப்பா, இங்கே எல்லோரும் டக் டக் என்றுதான் உள்ளே வருகிறார்கள்.”

குத்திக்காட்டினானா, வெறுமனே கண்டதைச் சொன்னானா என்று தெரியவில்லை. இரவு நெடுநேரம் பதில் எழுத முயன்றோம். அந்த மக்கள் மலையேறி வந்த களைப்போடும் வியர்வையோடும் உள்ளே வருவதையும், ஒருவரும் திரும்பிப் பார்க்காததையும் எண்ணிக்கொண்டிருந்தோம். எழுதி எழுதி அழித்தோம். இறுதியில் அனுப்பியது இவ்வளவே: “அன்று நாம் சொன்னது தவறு. உன்னை வெளியே அனுப்பியிருக்கக் கூடாது. உன் தாயிடமும் இதைச் சொல்லியிருக்கிறோம்.” ஆறு ஆண்டுகள் பிந்திய வார்த்தை. அவன் பார்த்ததற்கான அடையாளம் உடனே தெரிந்தது. பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. அடாப்டரின் திருகாணிகள் தளர்ந்துவிடும், மாதம் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தான்.

2024 கிறிஸ்து பிறப்புக்கு ஊருக்கு வந்தான். பழைய காலணியைப் பையிலேயே கொண்டுவந்திருந்தான். அவன் வருவதற்கு முந்தின நாள் அடாப்டர்களைக் கழற்றி வைக்கலாமா என்று எண்ணினோம், இறுக்கியிருந்த விசை விடவில்லை, விட்டுவிட்டோம். அவன் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தான். உப்புத்தாளைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். “கழற்ற வேண்டாம் அப்பா, என் பக்கம்தான் மேலே நிற்கிறதே” என்றான். இருக்கையைத் தன் அளவுக்கு உயர்த்திக்கொண்டு விடியற்காலையில் முக்காணிச் சாலையில் போய்வந்தான்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு அவன் வரவில்லை. வாசகர் வேறொன்றை எதிர்பார்த்திருக்கலாம், நாமும் எதிர்பார்த்தோம். தாயைக் கோவில்வரை அழைத்து வந்து விட்டுவிட்டு, முடிந்ததும் அழைத்துப் போனான். ஆனால் சனவரி முதல் வெள்ளியன்று நாம் புறப்படுகையில், வாடகைக்கு ஒரு வண்டி எடுத்துக்கொண்டு நம்மோடு வந்தான். ஏழு வீட்டு வாசலிலும் வெளியே நின்றான். அந்த மூதாட்டி மட்டும், “யாரு வெளியே? தம்பியா? உள்ளே வரச் சொல்லுங்க” என்றார்கள். அவன் வாசற்படியில் குனிந்து காலணியின் பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். நாம் சிமிழைத் திறக்காமல் காத்திருந்தோம்.

பத்து நாளில் திரும்பிப் போய்விட்டான். பிப்ரவரி முதல் வெள்ளியன்று, இருக்கையைத் தாழ்த்த வேண்டுமே என்று ஆலன் கீயைத் தேடி எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குச் சென்றோம். சீட் கம்பி ஏற்கெனவே நம் கறுப்பு டேப் வரை இறக்கப்பட்டிருந்தது.